கட்டளையும் கடனும்

ஓர் உயிரை மற்றோர் உயிர் ஏவுவதற்கு உரிமை எங்கிருந்து வருகிறது? வலிமையிலிருந்து வருகிறது என்பார் ஒரு சாரார். ஊட்டி வளர்த்த நன்றியிலிருந்து வருகிறது என்பார் மற்றொரு சாரார். இவ்வினாவுக்கு ஏடுகளைப் புரட்டி விடை தேடுவோர் பலர். எமக்கோ, முறிந்த கால் ஒன்றும் முற்றத்து நாய் ஒன்றும் இவ்வினாவை ஆறு வாரம் நாள்தோறும் எழுப்பிக் கொண்டிருந்தன. அந்த ஆறு வாரத்தில் எமக்கு விளங்கியவற்றை வாசகர் முன் வைக்க விரும்புகிறோம். நாயைப் பற்றி எழுதுவதற்கு இப்பகுதியில் இடம் எதற்கு என்று ஐயுறும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள்க.

எமது வீட்டு நாய்க்கு வீரன் என்று பெயர். லயத்துப் பக்கம் பிறந்த நாட்டு நாய், வயது இரண்டரை. குட்டியாய் வந்த நாள் தொட்டு அதற்கு நான்கு சொற்களைப் பழக்கி வந்தோம்: உட்கார், நில், வா, விடு. காலையில் பிரட்டுக்குப் போகுமுன் அரை மணி நேரம், மாலையில் அலுவல் முடிந்தபின் அரை மணி நேரம், கயிறும் கையுமாகச் செம்பனை நிரைகளுக்கிடையே அதனை நடத்திச் செல்வது வழக்கம். “கிராணி ஐயாவின் நாய் சொன்ன சொல் தட்டாது” என்று அக்கம்பக்கத்தார் கூறக் கேட்டு உள்ளம் குளிர்ந்ததும் உண்டு. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிள் வழுக்கி வீழ்ந்ததில் எமது வலக் கணுக்கால் எலும்பு முறிந்தது. முழங்கால் வரை மாவுக்கட்டு இட்டனர். ஆறு வாரம் அக்காலைத் தரையில் ஊன்றலாகாது என்பது மருத்துவர் ஆணை.

வீட்டுக்கு வந்த முதல் நாளே எம்மைப் பார்க்க வந்த அண்டை வீட்டு அம்மையார், வாயிற்படியில் நின்ற வீரனைக் காட்டி, “ஐயா, இனி ஆறு வாரத்துக்கு இவனுக்கும் விடுமுறைதான்” என்று சிரித்தார். நாமும் சிரித்தோம். அதில் பிழை ஏதும் இருப்பதாக அன்று எமக்குத் தோன்றவில்லை. நோயுற்றவன் தன் உடலைப் பேணுவதே முதற் கடமை. நாயின் பாடம் நாளைக்கும் இருக்கும் என்று எண்ணினோம். வேளைக்குச் சோறும் நீரும் வைக்க வீட்டார் இருக்கையில் அதற்கு வேறென்ன குறை?

பத்து நாள் சென்றது. இந்தப் பத்து நாளும் வீரனை எவரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. ஆயினும் அது மாறிவிட்டது. எமது அன்னையார் “வா” என்று பத்து முறை அழைப்பார், அது வராது, அவரும் விட்டுவிடுவார். மகன் பள்ளியில் கற்ற ஆங்கிலத்தில் அழைப்பான். மகள் சீழ்க்கை அடிப்பாள். மனைவியார் பெயரைச் சொல்லி அதட்டுவார். படுக்கையில் கிடந்தபடி நாம் “நில்” என்று உரக்கக் கூவினால், வீரன் ஒரு முறை திரும்பிப் பார்க்கும். மாவுக்கட்டிட்ட காலையும் பார்க்கும். பிறகு தன் வழியே போய்விடும்.

பதினொன்றாம் நாள் காலை, தோட்டத்துக்கு அப்பால் கம்பத்தில் வாழும் மலாய்ப் பெரியவர் ஒருவர் வழக்கம்போல் எமது வேலியோரமாகச் சைக்கிளைத் தள்ளிக் கொண்டு சென்றார். வாயிற்கதவு திறந்திருந்தது. வீரன் பாய்ந்தோடிச் சென்று, வாலை ஆட்டியவாறு அவர் கையிலும் கைலியிலும் தன் ஈர மூக்கை வைத்தது. கடிக்கும் எண்ணம் அதற்குக் கடுகளவும் இல்லை. ஆனால், நாயின் ஈரம் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பது அவர் மார்க்கத்தில் அவர் பின்பற்றும் நெறி. பெரியவர் எம்மை ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை. “பரவாயில்லை, பரவாயில்லை” என்று மலாயில் சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பி வீடு சென்றார். அவர் வசவு பொழிந்திருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பலவகை நம்பிக்கை உடையோர் அடுத்தடுத்து வாழும் இந்நாட்டில், தன் முற்றத்து நாயை அடுத்தவர் அமைதிக்குக் குறுக்கே விட்டவன் எத்தகைய அயலான்?

அந்த நாணத்தோடு அச்சமும் சேர்ந்தது. கட்டவிழ்ந்து திரியும் நாய்கள் பிடித்து அகற்றப்படும் என்ற தோட்ட அறிவிப்பை இரண்டாண்டுக்கு முன் தட்டச்சிட்டவர் வேறு யாருமல்லர், நாமே. அகற்றப்படும் என்ற சொல்லுக்குப் பொருள் என்னவென்று லயத்துச் சிறுவரும் அறிவர். 2015 இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகிய மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியபோது, தெருவில் திரிந்த நாய்கள் கொல்லப்பட்டதை வாசகர் மறந்திரார். அந்நாளில் பழக்கமுள்ள நாய் எது, பழக்கமற்ற நாய் எது என்று நின்று விசாரித்தவர் இல்லை. சொல்லுக்கு நில்லாத நாய் அடுத்தவர்க்குத் தொல்லை. முடிவில் அதற்கே தூக்குக் கயிறு. ஆகவே “விடுமுறை” என்று நாம் சிரித்துக் கொடுத்தது, வீரனின் உயிருக்கு நாம் அளித்திருந்த காப்பைத் திரும்பப் பறித்துக் கொண்டதே ஆகும்.

வீரன் கற்றதை மறந்துவிட்டதா? இல்லை. ருசிய நாட்டுப் பேரறிஞர் பாவ்லொவ், செரிமானத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904 இல் நோபல் பரிசு பெற்றவர், நாய்களின் பழக்கத்தைக் குறித்துப் பல்லாண்டு ஆராய்ந்தார். உணவுக்கு முன் தாளக்கருவியின் ஒலியைக் கேட்டுப் பழகிய நாய், அவ்வொலியைக் கேட்ட மாத்திரத்தில் வாயூறி நிற்கும். ஒலி மட்டும் எழுந்து உணவு வாராது போனால், சில முறைக்குப்பின் வாயூறுவது நின்றுவிடும். ஆனால் நாயைச் சற்று ஓய்வாக விட்டு மீண்டும் ஒலியை எழுப்பினால், பழைய பழக்கம் ஓரளவு தானே திரும்பி வரும். கற்றது அழியவில்லை; அதன்மேல் மற்றொரு பாடம் படிந்திருந்தது. எமது வீட்டிலும் நிகழ்ந்தது இதுவே. அப்பத்து நாளில் வீரன் புதிய பாடம் ஒன்றைக் கற்றது. இவ்வீட்டில் “வா” என்பதற்குப் பொருளில்லை என்பதே அப்பாடம். அதனைக் கற்பித்தவர்கள் நாமும் எமது வீட்டாருமே.

இவ்விடத்தில் எம்மை மேலும் வருத்திய உண்மை ஒன்றுண்டு. விபத்துக்கு முன் எமது சொல்லை வீரன் கேட்டது எதனால்? படுக்கையில் கிடந்து எண்ணிப் பார்த்தோம். “நில்” என்று சொல்லும்போதெல்லாம் கயிற்றை வெடுக்கென்று இழுத்ததுண்டு. “விடு” என்னும்போது காலைத் தரையில் ஓங்கி மிதித்ததுண்டு. அடித்தது மிகச் சில முறைதான். ஆயினும் கதவோரத்தில் ஒரு பிரம்பு எப்போதும் சார்த்தியே இருந்தது. வீரன் கீழ்ப்படிந்தது எமது சொல்லுக்கன்று, எமது காலுக்கு. கால் முறிந்தது, கீழ்ப்படிதலும் உடன் முறிந்தது. இதில் நாயின் பிழை யாது? கற்பித்ததையே அது கற்றிருக்கிறது.

வலிமையால் பழக்குவதே முறை என்று ஒரு காலத்தில் அறிஞரும் எழுதினர். 1910 இல் ஜெர்மனியில் கொன்ராட் மோஸ்ட் என்பவர் வெளியிட்ட நாய்ப் பயிற்சி நூல் நெடுங்காலம் பலருக்கு வழிகாட்டியாய் விளங்கியது. இழுப்பும் அடியும் அம்முறையில் இடம்பெற்றிருந்தன. இன்று அறிவு வேறு திசையில் வளர்ந்திருக்கிறது. விலங்குகளின் நடத்தையை ஆயும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2021 இல் வெளியிட்ட அறிக்கையில், எந்த நாய்க்கும் பரிசளித்துப் பழக்கும் முறையே தக்கது என்று பரிந்துரைத்தது. இதை நாம் படித்ததும் படுக்கையில்தான். நலமாய் நடந்த காலத்தில் இத்தகைய ஏட்டைப் புரட்டும் தேவை எமக்கு இருந்ததில்லை; பிரம்பு பக்கத்திலேயே இருந்ததன்றோ!

பன்னிரண்டாம் நாள் மீண்டும் பள்ளிக்கூடம் தொடங்கினோம். இம்முறை மாணவர் வீரன் மட்டுமன்று. வீட்டார் அனைவரையும் கூட்டி வைத்து, நான்கு சொற்களையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். எவர் அழைத்தாலும் அச்சொல்லே, ஒரு முறையே, அச்சொல் நிறைவேறும் வரை அழைத்தவர் அவ்விடம் விட்டு அகலலாகாது, நிறைவேற்ற இயலாத நேரத்தில் அழைக்கவே கூடாது. இவ்விதிகளுள் எமது அன்னையார்க்குக் கடினமாயிருந்தது கடைசி விதியே. அவருக்கு மட்டுமா? நிறைவேற்ற எண்ணாத சொற்களை நாம் நாள்தோறும் எத்தனை இறைக்கிறோம்! தோட்டக் கணக்கைப் போலவே ஒரு பழைய ஏட்டில் வேளைவாரியாகக் குறித்தும் வந்தோம்: இன்று எத்தனை முறை “வா” என்றோம், எத்தனை முறை வந்தது என்று.

பாடம் நாற்காலியிலிருந்தே நடந்தது. காலை ஒரு முக்காலியின்மேல் நீட்டி வைத்துக் கொண்டு, வேகவைத்த கோழி ஈரலை நகத்தளவு துண்டுகளாக்கி மடியில் வைத்திருப்போம். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம். நாளைக்கு மூன்று வேளை. முதற் பாடம், பெயரைச் சொன்னால் முகத்தைப் பார்ப்பது. இரண்டாவது, சுவரோரம் விரித்த கோணிச்சாக்கின்மேல் போய்ப் படுப்பது; ஒரு கணம், பிறகு பத்துக் கணம், பிறகு எமது தேநீர் முடியும் வரை. மூன்றாவது, ஊன்றுகோலோடு பழகுவது. இது மிக முக்கியம். ஊன்றுகோலுக்கு அஞ்சும் நாய் ஒதுங்கி ஓடும், அதனோடு விளையாடும் நாய் நோயாளியைக் கீழே தள்ளிவிடும். முதலில் ஊன்றுகோலைத் தரையில் கிடத்தி அதனருகே ஈரல் வைத்தோம், பிறகு அசைத்தோம், பிறகு எழுந்து நின்றோம், அதன் பின்னரே ஓரடி எடுத்து வைத்தோம். நடை குறைந்ததால் எஞ்சி நின்ற துடிப்பு வீணாய்ப் போகாதிருக்க, பழந்துணி மடிப்பிலும் தேங்காய் மட்டை இடுக்கிலும் தீனியை ஒளித்து வைத்துத் தேடச் செய்தோம். கால் மணி நேரம் மூக்கால் உழைத்த நாய், நெடுந்தொலைவு நடந்ததுபோல் அயர்ந்து உறங்குவதைக் கண்டோம். காலை நடையை மனைவியார் ஏற்றுக் கொண்டார். வலிய நாயைச் சிறுவர் கையில் கொடுப்பது அறிவுடைமையாகாது.

இத்தனையும் இனிதே நடந்தது என்று முடித்துவிட்டால் இக்கட்டுரை எமக்கு நல்ல பெயர் வாங்கித் தரும், உண்மையாய் இராது. நான்காம் வாரத்தில் ஓர் இரவு, கட்டினுள் தினவும் வலியும் மிகுந்து உறக்கமின்றிக் கிடந்தோம். மறுநாள் காலை “நில்” என்றோம். வாயிலில் ஏதோ ஓசை கேட்டு வீரன் ஓடியது. எமது ஊன்றுகோலில் இடறியது. நாம் சுவரைப் பற்றிக்கொண்டு தப்பினோம். சினம் தலைக்கேறியது. ஊன்றுகோலை ஓங்கிவிட்டோம். அடி விழவில்லை. ஆயினும் வீரன் வயிற்றைத் தரையோடு ஒட்டி, நின்ற இடத்திலேயே நீர் விட்டது. இத்தனை நாள் எந்தக் கோல் அருகில் ஈரல் வைத்து “இது உன் பகைவன் அன்று” என்று கற்பித்து வந்தோமோ, அதே கோல்! அன்று மாலை ஏட்டில் எழுதுவதற்கு எமது கை கூசிற்று. எழுதினோம்: “ஆசிரியர் தவறினார்.” மீண்டும் ஊன்றுகோலைத் தரையில் கிடத்திப் பாடத்தை முதலிலிருந்து தொடங்கினோம், அது மறுபடி எமது பக்கத்தில் அச்சமின்றி நடக்க ஐந்து நாள் ஆயிற்று.

ஓங்கிய கோலையும் ஒட்டிய வயிற்றையும் நினைக்கையில், நம் இலக்கியத்தில் நாய்க்குக் கிடைத்த புகழ் நினைவுக்கு வருகிறது. பழகிய பாகனையே யானை கொல்லும். தன்னை வளர்த்தவன் எறிந்த வேல் உடலில் தைத்திருக்கையிலும் நாய் வாலாட்டும். ஆதலின் நாயனையார் நட்பே கொள்ளத் தக்கது என்னும் கருத்தில் நாலடியாரில் ஒரு வெண்பா உண்டு. நாயைப் பெருமைப்படுத்திய அப்புலவரை வணங்குகிறோம். ஆனால், வேல் எறிந்தவன் யார், எதற்காக எறிந்தான் என்று கேட்பார் இல்லையே! அடித்தாலும் வாலாட்டுவதை நட்பின் இலக்கணமாக்குவது, அடிப்பவனுக்கு மிகவும் வசதியான அறம். எமது ஊன்றுகோலுக்கு முன் வயிற்றை ஒட்டிக் கிடந்த வீரனும் சற்று நேரத்தில் வாலாட்டியது. அதை நன்றி என்று கொண்டாட எமக்கு மனம் வரவில்லை.

இதற்கு மாறான ஓர் அறத்தை அண்மை நூற்றாண்டு வரலாறு காட்டுகிறது. முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்கு வழிகாட்ட நாய்களைப் பழக்கும் பள்ளி 1916 இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் தோன்றியது. 1928 இல் கண்பார்வையற்ற அமெரிக்க இளைஞர் மோரிஸ் பிராங்க் சுவிட்சர்லாந்து சென்று அத்தகைய நாயோடு பழகித் திரும்பி, வண்டிகள் இரையும் நியூயார்க் தெருவைப் பத்திரிகையாளர் காணக் கடந்து காட்டினார். 1931 இல் இங்கிலாந்தின் வாலசி நகரில் நான்கு நாய்கள் பயிற்சி முடித்து வழிகாட்டும் பணி ஏற்றன. இந்நாய்களுக்குக் கற்பிக்கப்படும் பாடங்களுள் தலையாயது எது தெரியுமா? கீழ்ப்படியாமை! “முன்னே செல்” என்று தலைவர் ஆணையிடுகிறார். எதிரே வண்டி வருகிறது அல்லது பள்ளம் இருக்கிறது. நாய் செல்ல மறுத்து நிற்க வேண்டும். தலைவரோ பார்வையற்றவர், நாயின் மறுப்பு சரியா, பிழையா என்று அக்கணத்தில் கண்டறிய அவருக்கு வழியில்லை. அவர் அதனை நம்பியே தீர வேண்டும்.

இதன் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். அச்சத்தால் பழகிய நாய் மறுக்கத் துணியாது. தலைவரோடு தானும் வண்டிக்கு அடியில் வீழும். மறுத்தாலும் தன்னைத் தண்டியார் என்ற உறுதி உள்ள நாயே மறுக்க வல்லது. ஆகவே பழக்கத்தின் முடிவான சோதனை, ஏவியதைச் செய்கிறதா என்பது மட்டுமன்று; ஏவியவர் தவறும்போது தடுத்து நிற்கும் துணிவை நாம் அதற்கு அளித்திருக்கிறோமா என்பதும் ஆகும். எமது கால் முறிந்தபோது வீரனிடம் நாம் வேண்டியது என்ன? எமது வலிமை போனபின்பும் எமது சொல் மெய்யாயிருக்க வேண்டும் என்பதே. அது வேண்டுமாயின், வலிமை இருந்த காலத்திலேயே அதனைப் பயன்படுத்தாமல் பழக்கியிருக்க வேண்டும்.

இங்கே மனிதரைப் பற்றிச் சிறிது கூறாமல் விட முடியவில்லை. தொழிலாளரையும் பிள்ளைகளையும் நாயோடு ஒப்பிடுகிறோம் என்று எவரும் சினவற்க. மனிதனுக்கு மானமும் அறிவும் வாக்குரிமையும் உண்டு. அவனைப் பழக்க எவருக்கும் உரிமை இல்லை. நாம் ஒப்பிடுவது ஏவப்படுவோரை அன்று; ஏவுவோரை. பிரம்பைக் கதவோரம் சார்த்தி வைத்திருக்கும் மனப்பான்மை, முன்னே நிற்பது நாயானாலும் மகனானாலும் தொழிலாளியானாலும் ஒன்றுதான்.

தோட்டத்து வரலாற்றை அறிந்தோர் இதனை அறிவர். 1941 இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு மற்றொரு கோரிக்கையையும் முன்வைத்தனர். துரைமாரையும் உத்தியோகஸ்தரையும் எதிரே கண்டால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. அப்போராட்டம் படைகொண்டு அடக்கப்பட்டது. அந்த உத்தியோகஸ்தருள் கிராணிமாரும் இருந்தனர் என்பதைக் கிராணியாகிய நாம் மறைப்பது நேர்மையன்று. சைக்கிளிலிருந்து இறங்கிய கால்கள் மரியாதையால் இறங்கவில்லை என்பதை அன்று நாற்காலியில் இருந்தோர் உணர்ந்திலர். அச்சத்தால் கிடைத்த வணக்கத்தை மதிப்பென்று எண்ணி மகிழ்ந்தனர். “சொன்ன சொல் தட்டாது” என்று கேட்டு நாம் மகிழ்ந்தது போலவே.

வீட்டிலும் இதே கதை. இடுப்பு வாரைக் காட்டிப் பிள்ளையை அடக்கிய தந்தை, முதுமையில் படுக்கையில் விழுந்தபின் “என் சொல்லை எவனும் மதிப்பதில்லை” என்று புலம்பக் கேட்டிருக்கிறோம். அவர் சொல்லை எவரும் என்றும் மதித்ததில்லை, வாரைத்தான் மதித்தனர். இதை அறிவதற்கு அவருக்கு எழுபது ஆண்டு ஆயிற்று. எமக்கு ஒரு கணுக்காலோடு போயிற்று என்றால், அவ்விபத்தை நாம் முற்றிலும் தீயது என்று கூறமாட்டோம்.

சீர்திருத்த நோக்குடைய நண்பர் ஒருவர் எம்மிடம் வேறொரு தடை எழுப்பினார். “பழக்குவதே அடிமைப்படுத்துவதுதானே? நாயை அதன் இயல்பில் விட்டுவிடுவதன்றோ விடுதலை?” என்றார். நல்ல கேள்வி. ஆனால் விட்டுவிடப்பட்ட நாய்களை அவர் எமது தோட்டத்தில் வந்து காண வேண்டும். லயங்களை விட்டு நம் குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்கையில், அங்கே நாய்க்கு இடமில்லை என்று விட்டுச் சென்ற உயிர்கள் அவை. பூட்டிய வீட்டு வாயிலில் பல நாள் காத்துக் கிடக்கும். பிறகு எலும்பும் தோலுமாய்ச் சாலையோரம் திரியும். அவற்றுக்குக் கிடைத்தது விடுதலையா?

ஜெர்மனியில் பான் நகருக்கு அருகே, ஓபர்காசல் என்னும் இடத்தில், 1914 இல் ஒரு பழங்காலப் புதைகுழியைக் கண்டனர். ஏறத்தாழ 14,000 ஆண்டுக்கு முன் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அதில் அடக்கம் செய்யப்பட்டிருந்தனர். அவர்களோடு ஓர் இளம் நாயும் இருந்தது. அதன் பற்களை ஆராய்ந்தோர் 2018 இல் ஒரு செய்தி வெளியிட்டனர். அந்நாய் குட்டிப் பருவத்தில் கொடிய நோயால் பன்முறை வருந்தியிருக்கிறது. மனிதர் பல வாரம் பேணியிராவிட்டால் பிழைத்திராது என்பது அவர்கள் முடிவு. நோயுற்ற குட்டியால் வேட்டைக்கும் காவலுக்கும் யாதொரு பயனும் இல்லை. இருந்தும் எழுத்தறியாத அம்மனிதர் அதனைக் கைவிடவில்லை. நமக்கும் நாய்க்கும் உள்ள உறவு இத்துணைப் பழமையானது. அதனைக் காட்டிலிருந்து அழைத்து வந்தவர் நம் முன்னோர். நம் நடுவே வாழும் வழியை அதற்குக் கற்பிக்கும் பொறுப்பு நம்முடையது. நம் நாட்டின் 2015 ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டமும் உணவு, உறைவிடம் முதலிய கடமைகளை உரிமையாளர் மேல் சுமத்துகிறது. ஆனால் கொடுத்த சொல்லை மாறாமல் காக்கும் கடமையைச் சட்டத்தால் எழுதி வைக்க இயலாது. அதை நெஞ்சுதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆகவே முதலில் எழுப்பிய வினாவுக்கு எமக்குத் தோன்றும் விடை இது. ஏவும் உரிமை வலிமையிலிருந்தும் வரவில்லை. போட்ட சோற்றிலிருந்தும் வரவில்லை. ஏவுகிறவன் தன்னைத் தானே கட்டிக்கொள்ளும் கட்டிலிருந்து வருகிறது. “வா” என்று ஒரு முறை கற்பித்தவன், வந்தால் நன்மையே கிடைக்கும் என்று ஒரு வாக்குக் கொடுத்துவிடுகிறான். அவ்வாக்குக்குக் காய்ச்சலும் இல்லை, எலும்பு முறிவும் இல்லை, விடுமுறையும் இல்லை. நோய்ப்பட்டபோது அதைச் சுருக்கலாம், அரை மணியை ஐந்து நிமிடமாக்கலாம், நடையை நாற்காலியாக்கலாம், பிறர் கையில் ஒப்படைக்கலாம். அறுத்துவிடலாகாது.

ஆறாம் வார முடிவில் மாவுக்கட்டை அறுத்தெடுத்தனர். கால் மெலிந்து, தன்னதுபோல் தோன்றாமல் இருந்தது. மறுநாள் காலை நாற்காலியிலேயே அமர்ந்திருந்தோம். வாயிற்கதவு திறந்திருந்தது. மலாய்ப் பெரியவர் சைக்கிளோடு வந்தார். வீரன் எழுந்தோடியது. “நில்” என்றோம், உரக்கச் சொல்லவில்லை. வாயிற்படியில் நின்றது, உடல் முழுதும் துடித்தது, ஆயினும் நின்றது. பெரியவர் எம்மைப் பார்த்துக் கையை நெஞ்சில் வைத்துப் புன்னகைத்துச் சென்றார். அதற்கு மூன்றாம் நாள் அதே சொல்லுக்கு வீரன் நிற்கவில்லை என்பதையும், நல்லவேளையாக அன்று கதவு சாத்தியிருந்தது என்பதையும் ஏட்டில் குறித்திருக்கிறோம். பாடம் இன்னும் முடியவில்லை. எமது பாடத்தையும் சேர்த்தே சொல்லுகிறோம்.

பிரம்பு இப்போது கதவோரத்தில் இல்லை. கொல்லையில் பயற்றங்கொடி படர ஊன்றியிருக்கிறோம். தத்தம் வீட்டுக் கதவோரத்தில் என்ன சார்த்தி வைத்திருக்கிறோம் என்று வாசகரும் ஒரு முறை பார்ப்பாராக.